ஸ்வல்ப அட்ஜஸ்ட் செய்யப்பட்ட கப்பல்

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கன்னடம் இன்னும் தகராறுதான். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆன வாக்கியம் ஒன்று உண்டு. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலாவதாக உட்கார வருகிறவர் சொல்வார். தண்ணி வராத அன்னைக்கு வீட்டு ஓனர் சொல்வார். வண்டியை நம்ம கேட்டுக்கு முன்னாடி நிறுத்திவிட்டுப் போகிறவரும் சொல்வார். கோவில்பட்டிக்காரனான எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் ஒரு பிரியமே உண்டு. எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த இத்தனை லட்சம் பேர் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறாமல் இருப்பதே இதனால்தான் என்று நினைப்பேன்.

அதற்கு இன்னொரு முகமும் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு கப்பல். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன கப்பல் என்று கேட்காதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

மூணு வருஷம் முன்னால், ஏப்ரல் மாதம். ஆபீஸில் தீயணைப்புப் பயிற்சி. மணி அடிக்கும், எல்லோரும் ஆணி பிடுங்குவதை விட்டுவிட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கி வாசலில் வெயிலில் நிற்க வேண்டும். அந்த மாடிக்கு ஃபயர் வார்டன் அடியேன். மஞ்சள் கலரில் ஒரு ஜாக்கெட் தருவார்கள், அதுதான் பதவிக்கான மொத்த மரியாதை. பயிற்சி முடிந்ததும் தீயணைப்புத் துறையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எல்லோர் சட்டையிலும் சின்னதாக ஒரு காகிதக் கொடியைக் குத்திவிட்டார். கோலார் தங்கவயல் தமிழர். பேச்சுக் கொடுத்தேன்.

"வருஷா வருஷம் ஏப்ரல் 14லேயே ஏன் அண்ணே ஆரம்பிக்கிறீங்க? சித்திரைப் பிறப்புன்னா?"

"அதுக்கில்ல சார். பாம்பே டாக்ல ஒரு கப்பல் வெடிச்ச நாளு. நம்ம ஆளுங்க 66 பேரு போயிட்டாங்க. 44ல."

இத்தனை வருஷம் அந்தக் கொடியைக் குத்திக்கொண்டு காபி குடிக்கப் போயிருக்கிறேன். கேட்டதே இல்லை. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தவன், தங்கமணி வந்து லைட்டை அணைக்கும் வரை நிறுத்தவில்லை.

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகின். பிறந்த இடம் கனடாவின் மேற்குக் கரையில், அலாஸ்கா எல்லையை ஒட்டியிருக்கும் பிரின்ஸ் ரூபர்ட் என்ற சின்னத் துறைமுகம். தண்ணீரில் இறங்கியது 1942 ஜூலை 31.

அப்போது அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. மூழ்குகிற வேகத்தைவிட வேகமாகக் கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் திட்டம். சண்டர்லாந்து கப்பல் கட்டும் தளம் ஒன்றின் எளிமையான வரைபடத்தை எடுத்துக்கொண்டார்கள். அதையே கொஞ்சம் மாற்றி அமெரிக்கா லிபர்டி கப்பல்கள் என்று 2,710 கட்டித் தள்ளியது. அதில் ராபர்ட் பியரி என்ற கப்பலை நாலே முக்கால் நாளுக்குள் கட்டிக் காட்டினார்கள். (இந்த ஊரில் ஒரு ஃபிளைஓவர் முடிய எத்தனை வருஷம் ஆகிறது என்பதை எல்லாம் இங்கே இழுக்க மாட்டேன்.) கனடா தன் பங்குக்கு அதே குடும்பத்துக் கப்பல்களைக் கட்டியது. அப்படி பிரிட்டனுக்காக ஓடியவற்றில் பலவற்றுக்கு "ஃபோர்ட்" என்று தொடங்கும் பெயர் வைத்தார்கள். எல்லாம் பழைய தோல் வியாபாரக் கோட்டைகளின் பெயர்கள். ஸ்டிகின் என்பது அலாஸ்காவில் ஹட்சன் பே கம்பெனி நடத்திய கோட்டை.

நீளம் சுமார் 424 அடி. 7,142 டன். நீராவி இயந்திரம், வேகம் மணிக்கு 11 நாட். நிலக்கணக்கில் 20 கிலோமீட்டர். சில்க் போர்டு ஜங்ஷனில் மாலை நேரத்தில் நாம் போகிறதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அழகுக்கோ ஆயுளுக்கோ கட்டப்பட்ட கப்பல் இல்லை. சரக்கை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குச் சேர்த்தால் போதும். ஃபோர்ட் ஸ்டிகினின் மொத்த ஆயுள் 21 மாதத்துக்கும் குறைவு. ஆனால் அதைக் கொன்றது நீர்மூழ்கி இல்லை.

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். குண்டுகள், டார்பிடோக்கள், கண்ணிவெடிகள். பெட்டியில் அடைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள். அதோடு 124 தங்கக் கட்டிகள். ஒவ்வொன்றும் 12.7 கிலோ. அந்தக் காலத்து மதிப்பில் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பவுண்ட். போரில் ஆட்டம் கண்டிருந்த இந்திய ரூபாய்க்கு முட்டுக்கொடுக்க வந்த தங்கம்.

ஜிப்ரால்டர், போர்ட் சயித், கராச்சி. கராச்சியில் விமானங்களை இறக்கியதும் கப்பலில் இடம் காலியானது. போர்க்காலத்தில் காலி இடத்தோடு ஒரு கப்பல் ஓடலாமா? கிடைத்ததை எல்லாம் ஏற்றினார்கள். எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், கந்தகம், பழைய இரும்பு, மீன் உரம். கூடவே 8,700 பஞ்சுப் பொதிகள். கேப்டன் அலெக்சாண்டர் நைஸ்மித் ஆட்சேபித்தார். எரியக்கூடியதையும் வெடிக்கக்கூடியதையும் ஒரே கப்பலில் வைக்கிறீர்களே என்று. எடுபடவில்லை. போர், அவசரம், இடமில்லை. கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டியில் ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் தீப்பெட்டி. தாத்தா பஞ்சு ஆபீஸ் குடோனில் வாட்ச்மேன். பீடியையும் தீப்பெட்டியையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார், முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், "தண்ணி ஊத்துனா அணைஞ்சிரும்லா தாத்தா?" என்று. "ஏல, மத்த தீ கண்ணுக்குத் தெரியும். பஞ்சுத் தீ பொதிக்குள்ள படுத்துக் கெடக்கும். அணைஞ்சிட்டுன்னு நெனச்சு நாம வீட்டுக்குப் போவோம். அது ராத்திரி எந்திரிக்கும்."

அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. இறுக்கி அடித்த பொதிக்குள் இழைகளுக்கு நடுவே காற்று மாட்டியிருக்கும். ஒரு பொறி உள்ளே போய்விட்டால் சுடர் இல்லாமல் மணிக்கணக்கில் கனியும். மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே லேசில் இறங்காது. எண்ணெய் பட்ட பஞ்சென்றால் இன்னும் மோசம். இந்தப் பஞ்சைத்தான் ஃபோர்ட் ஸ்டிகினில் கீழே அடுக்கி, வெடிபொருளை அதற்கு மேலே வைத்திருந்தார்கள். என் தாத்தா அந்தக் கப்பலுக்கு வாட்ச்மேனாக இருந்திருந்தால் ஒருத்தனையும் ஏற விட்டிருக்க மாட்டார்.

ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்து சேர்ந்தது. வெடிமருந்துக் கப்பலை ஊரை விட்டுத் தள்ளி நிறுத்தி, தோணியில் சரக்கை இறக்குவதுதானே நியாயம்? நம்ம தூத்துக்குடியில் சாதாரணச் சரக்கையே அப்படித்தான் ஒரு காலத்தில் இறக்கினார்கள். ஆனால் ஃபோர்ட் ஸ்டிகின் போய் நின்றது நகரத்தை ஒட்டியே இருந்த விக்டோரியா டாக்கில். அபாயச் சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை. பக்கத்துக் கப்பல்காரர்களுக்கும், கூலிகளுக்கும், தீயணைப்புக்காரர்களுக்கும் அது இன்னொரு சரக்குக் கப்பல், அவ்வளவுதான். நாறிக்கொண்டிருந்த மீன் உரம் போன்ற சாமான்கள் முதலில் இறங்கின. வெடிபொருள் காத்திருந்தது. இரண்டு நாள் போனது.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணி வாக்கில் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். கப்பல் ஆட்கள் தண்ணீர் அடித்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன, தீயணைப்புப் படகுகளும் வந்தன. புகை மண்டிக் கிடந்ததால் தீ எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. குத்துமதிப்பாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். 900 டன் தண்ணீர் உள்ளே போனது. கப்பலைச் சுற்றியிருந்த நீரே கொதித்தது என்கிறது பதிவு. பஞ்சு மிதக்கும் அல்லவா? உள்ளே தண்ணீர் ஏற ஏற, எரிகிற பஞ்சும் மேலே எழும். மேலே என்ன இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கப்பலை அங்கேயே மூழ்கடிக்கலாம் என்றார்கள். இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். கேப்டன், துறைமுக அதிகாரிகள், ராணுவ வெடிபொருள் அதிகாரி, தீயணைப்பு அதிகாரி எல்லோருமே அங்கே இருந்தார்கள். எல்லோரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் "இதைச் செய், பொறுப்பு என்னுடையது" என்று முடிவாக ஒரு குரல் வரவில்லை. நடுராத்திரி சர்வர் படுத்து, முப்பது பேர் ஒரே போன் காலில் இருந்தும் யாரும் முடிவெடுக்காத இரவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் போவது அதிகபட்சம் வாடிக்கையாளரின் பணம். அதனால் அந்தப் பம்பாய் மதியத்தைப் படித்தபோது அவர்கள் மேல் கோபம் வருவதற்குப் பதில், ரொம்பத் தெரிந்த இடமாக இருந்தது.

3.50க்குக் கப்பலை விட்டு வெளியேறச் சொன்னார்கள். 4.06க்கு வெடித்தது.

கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தூரத்தில்கூட ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. 1,700 கிலோமீட்டர் தள்ளி சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டுக் கரைமேல் ஏறிக்கிடந்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் வானத்திலிருந்து குடிசைகள் மேல் விழுந்தன. 4.34க்கு இரண்டாவது வெடிப்பு. குழாயைப் பிடித்து நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் போனார்கள். கேப்டன் நைஸ்மித்தும் இறந்தார். மொத்தச் சாவு 800 முதல் 1,300 வரை என்கிறார்கள். துறைமுகக் கூலிகளையும் குடிசைவாசிகளையும் யார் எண்ணி வைத்தார்கள், துல்லியமாகச் சொல்ல? காயம்பட்டவர்கள் 2,500 பேர். 13 கப்பல்கள் அழிந்தன. வங்கப் பஞ்சத்துக்கு மறு வருஷம் அது. அந்த நேரத்தில் 50,000 டன்னுக்கும் மேலான தானியம் எரிந்தது. 50,000 பேருக்கு வேலை போனது.

தீயைக் கட்டுப்படுத்த மூன்று நாள். இடிபாட்டை அள்ள 8,000 பேருக்கு ஏழு மாதம். தங்கம்? ஒரு கட்டி பறந்து போய் ஒரு பார்சி எஞ்சினியரின் வீட்டுக்குள் விழுந்தது. மனிதர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கிடைத்த 999 ரூபாய் வெகுமதியையும் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். மற்ற கட்டிகளைச் சேற்றில் தேடினார்கள். 2011இல் தூர்வாரும்போதுகூடத் தங்கம் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் வெடிக்காத குண்டு ஒன்றும் கிடைத்தது.

பிரிட்டிஷ் தணிக்கை இந்தச் செய்தியை மே மாதம் வரை அடக்கி வைத்தது. ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாகச் சொல்லிவிட்டது. ஊரே எரிவதை ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உள்ளூர்ப் பேப்பரில் மட்டும் செய்தி கிடையாது. என்ன கொடுமை சார் இது!

பிறகு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தீ பஞ்சில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்றது. தவறுகளைப் பட்டியல் போட்டது. வெடிபொருளுக்குக் கீழே பஞ்சை வைத்தது. சிவப்புக் கொடி ஏற்றாதது. வெடிபொருளை இறக்கத் தாமதித்தது. சரக்கறையில் நீராவியைச் செலுத்தித் தீயை மூச்சுத் திணற வைக்காதது. நகரத் தீயணைப்புப் படைக்குத் தாமதமாகச் சொன்னது.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சதி இல்லை. எதிரி இல்லை. அயோக்கியன்கூட யாரும் இல்லை. ஐந்தும் ஐந்து அட்ஜஸ்ட்மென்ட். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லலாம். இடமில்லை, ரகசியம், ஆள் பற்றாக்குறை, நாமே அணைத்துவிடலாம்... நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அஞ்சும் ஒரே கப்பலில் சேர்ந்துகொண்டன.

பாடம் படித்தார்களா? மூன்று வருஷம் கழித்து, 1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி. அதுவும் போர்க்காலத்தில் கட்டிய ஒரு லிபர்டி கப்பல்தான், பெயர் கிராண்ட்கேம்ப். சரக்கறையில் உரமாகப் போகும் அமோனியம் நைட்ரேட். புகை வந்தது. தண்ணீர் ஊற்றினால் சரக்கு கெட்டுவிடும் என்று மூடியை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள். பம்பாயில் செய்யாமல் விட்ட அதே வைத்தியம். ஆனால் பஞ்சு இல்லையே இது! அமோனியம் நைட்ரேட் எரிய வெளிக்காற்று தேவையில்லை, ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. சூடுதான் ஏறியது. குறைந்தது 581 பேர் இறந்தார்கள். ஊர்த் தீயணைப்புப் படையில் ஒருவர் தவிர அத்தனை பேரும் அதில் அடக்கம். வைத்தியத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அந்தச் சிவப்புக் கொடி.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்ததை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். அடுத்த சில நாளில் நம்ம சென்னை மணலியிலும் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 697 டன் இருப்பது செய்தியானது. 37 கன்டெய்னர்கள். 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்தது, வழக்கு முடியும் வரை அப்படியே இருந்தது. பெய்ரூட் வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருஷம். நல்லவேளை, மணலியில் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் ஊரைப் பற்றி எல்லாம் எழுதுவது நியாயமில்லை.

அந்த ஏப்ரல் பயிற்சிக்கு மூணு வாரம் முன்னால் எங்கள் மாடிக்குப் புது மானிட்டர்கள் வந்தன. காலி அட்டைப் பெட்டிகளையும் தெர்மாகோலையும் அவசரப் படிக்கட்டின் திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். மாதாந்திரத் தாளை எடுத்துக்கொண்டு நான் போனபோது அங்கே வேலை செய்யும் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. எரடே தின." இரண்டே நாள். எனக்கும் மீட்டிங் இருந்தது. "படிக்கட்டு தடையின்றி உள்ளது" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

பயிற்சி அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் போக முடிந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று எல்லோருக்கும் வழிவிட்டார். மஞ்சள் ஜாக்கெட் போட்ட நான் மேலே நின்று "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். நெருப்பு இல்லை, அதனால் சிரிக்க முடிந்தது.

இதே ஊரில் 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் தீப்பிடித்தபோது நான் இங்கேதான் இருந்தேன். புகையில் மூச்சு முட்டி ஜன்னல் வழியாக மனிதர்கள் குதித்ததை டிவியில் பார்த்தவன். ஒன்பது பேர் இறந்தார்கள். நம்மைப் போலக் காலையில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். அதைப் பார்த்துவிட்டும் நான் அந்தத் தாளில் டிக் அடித்தேன்.

கொடி குத்திய பெரியவர் அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். திட்டவில்லை. "யாரு சார் கையெழுத்துப் போட்டது?" என்று மட்டும் கேட்டார். "நான்தான் அண்ணே" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவர் சட்டையில் கொடி குத்தப் போய்விட்டார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அந்தப் பையனும் நானுமாகப் பெட்டிகளைத் தூக்கிக் கீழே போட்டோம். நாற்பது நிமிஷ வேலை. மூன்று வாரமாக யாருக்கும் கிடைக்காத நாற்பது நிமிஷம்.

மஞ்சள் ஜாக்கெட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை தாளோடு படிக்கட்டில் நானே இறங்கி ஏறுகிறேன். ஒரு டப்பா கிடந்தாலும் டிக் கிடையாது. ஆபீஸில் "தாத்தா" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தத் தாத்தா என்று அவர்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் நாலாவது ஆளுக்கு இப்போதும் நகர்ந்து இடம் கொடுக்கிறேன். அந்தப் பையன் மட்டும் அதற்கப்புறம் ஒரு தடவை, வேறொரு சாமானோடு படிக்கட்டுப் பக்கம் வந்து, "சார், ஸ்வல்ப..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டான்.